எதிர்ப்பக்கம் சாய்ந்த தையல்

எங்கள் தையல் கூடத்தில் பழைய துணி மூட்டைகளைப் பிரிக்கிற வேலை ஒருத்திக்குத்தான். அவளை எல்லோரும் மூட்டையக்கா என்று கூப்பிடுவோம். ஆள் ஒன்றும் மூட்டை மாதிரி இல்லை, ஊதினால் பறந்துவிடுகிற ஒல்லி. ஆனால் லாரியிலிருந்து இறங்குகிற மூட்டையை முழங்காலால் ஓர் இடி இடித்து, கயிற்றை அறுத்து, அரை மணி நேரத்தில் பருத்தி தனி, கலப்பு தனி, கந்தல் தனி என்று பிரித்துவிடுவாள். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே எது என்ன துணி என்று சொல்வாள்.

கூடம் இருப்பது மூடிப்போன தபால் ஆபீஸில். கம்பி போட்ட கவுண்டருக்குப் பின்னால் எட்டு தையல் மெஷின், துணி ஓரம் பிரியாமல் அடிக்கிற ஒரு ஓவர்லாக். ஓவர்லாக்கில் உட்கார்வது நான். கடிதம் பிரித்துப் போட்ட மரப்புரைகளில் இப்போது நூல்கண்டுகள் நிறவாரியாக இருக்கின்றன. இதை ஆரம்பித்தவள் டவுனில் ஒரு துணிக் கம்பெனியில் பதினோரு வருஷம் கட்டிங் மாஸ்டராக இருந்துவிட்டு வந்தவள். துணியையும் வெட்டுவாள், பேச்சையும் வெட்டுவாள் என்பதால் அவளுக்குக் கத்தரி என்று பேர். நாங்கள் பதினொரு பெண்கள். முதலாளி என்று யாரும் கிடையாது, எல்லோரும் பங்குதாரர்கள். வீடுகளும் விடுதிகளும் ஆஸ்பத்திரிகளும் கழித்துப்போடுகிற துணியை எடுத்து, கொதிக்கவைத்துத் துவைத்து, வெட்டி, ஒட்டுப்போட்டுப் போர்வையாகவும் பையாகவும் தைத்து விற்கிறோம். ஒவ்வொரு பையின் உள்மூலையிலும் சிவப்பு நூலில் மூன்று பெருக்கல் குறி போடுவோம். அதுதான் எங்கள் முத்திரை.

மூட்டையக்கா இங்கே வந்து சேர்ந்ததே ஒரு கூத்து. அவள் வீட்டுக்காரர் அடிக்கிறவர் இல்லை, குடிக்கிறவர் இல்லை. கேட்கிறவர். எங்கே போகிறாய், யாரோடு போகிறாய், எப்போது வருவாய், ஏன் அவ்வளவு நேரம். கடைக்கு உப்பு வாங்கப் போனால்கூட ஆறு கேள்வி. முதல் மாதம் முழுக்கக் கூடத்து வாசலில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். "அண்ணே, சும்மாதானே இருக்கீங்க, இந்தப் பிசிறை வெட்டுங்க" என்று கத்தரி ஒரு கூடை பைகளை அவர் மடியில் வைத்தாள். இரண்டு நாள் நூல் பிசிறு வெட்டினார். மூன்றாம் நாள் ஸ்டூல் காலியாக இருந்தது. அடுத்த வருஷம் மூட்டையக்கா டவுனுக்குத் தனியாகப் பஸ்ஸில் போய்ச் சரக்கு கொடுத்துவிட்டு வந்தாள். ஜன்னலோரத்தில் உட்கார்ந்ததையும், கண்டக்டர் தன்னை "மேடம்" என்றதையும் ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சிரிக்கிற முகம்தான். ஆனால் தங்கையைப் பற்றிப் பேச்சு வந்தால் அந்த முகம் அப்படியே மூடிக்கொள்ளும்.

தாய் போனபோது தங்கைக்கு ஆறு வயது. வளர்த்தது அக்காதான். சின்னவள் எல்லாவற்றையும் இடக்கையால் செய்வாள். அப்பா அந்தக் கையில் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். தையல் சொல்லிக்கொடுத்தபோது பக்கத்தில் உட்கார்ந்து காட்டினால் அவளுக்குப் பிடிபடவில்லை. அக்கா எதிரே உட்கார்ந்தாள். கண்ணாடியில் பார்ப்பது போல அக்காவின் வலக்கையைப் பார்த்துத் தங்கையின் இடக்கை கற்றுக்கொண்டது. அதனால் அவள் தையல் நம்முடையதற்கு எதிர்ப்பக்கம் சாயும். நூலில் முடிச்சுப் போட மாட்டாள். ஊசியை ஒரே இடத்தில் மூன்று முறை குத்தி எடுத்துவிட்டுத்தான் தொடங்குவாள்.

பதினெட்டு வயதில் தூரத்து ஊரில் ஒரு நூல் மில்லுக்கு வேலைக்குப் போனாள். விடுதி, சாப்பாடு, மூன்று வருஷம். இரண்டாம் வருஷம் நூல் சுற்றுகிற அறையில் தீப்பிடித்தது. ஆணி அடித்த பெட்டி ஒன்று வேனில் வந்து இறங்கியது. "முகம் அடையாளம் தெரியாது, திறக்காதீங்க. கழுத்துல இருந்த நம்பர் தகடை வெச்சுத்தான் கண்டுபிடிச்சோம்" என்றார் கூட வந்த மேலாளர். அப்பா எழுதப் படிக்கத் தெரியாதவர். நீட்டிய காகிதங்களில் எல்லாம் கைநாட்டு வைத்தார். பெட்டியை எங்கள் ஊர் இடுகாட்டின் வேலியோரத்தில் புதைத்து, கல் வைத்து, பேர் வெட்டினார்கள். அன்றிலிருந்து அவர் தினமும் காலையில் ஒரு குடம் தண்ணீரோடு அங்கே போவார். நட்ட செடி பட்டுப்போனால் வேறு நடுவார்.

தீப்பிடித்து இரண்டு வருஷம் கழித்துத்தான் எங்கள் கூடம் ஆரம்பமானது. அந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கூடத்துக்கு இரண்டு வயதானபோது ஒரு வெயில் நாளில் மூட்டை வந்தது. பினாயில் வாடை அடிக்கிற ஆஸ்பத்திரித் துணி, வெளுத்த பச்சை அங்கிகள். மூட்டையக்கா ஓர் அங்கியை எடுத்தாள், கீழ் ஓரத்தைத் தடவினாள், கை நின்றுவிட்டது. நான் கவனித்தேன்.

"என்னக்கா?"

"ஒண்ணும் இல்ல. எவளோ இடக்கைக்காரி."

அதை வெட்டுகிற குவியலில் போடாமல் மடித்துக் கவுண்டருக்கு அடியில் வைத்தாள். உலகத்தில் இடக்கைக்காரிகளுக்கா பஞ்சம்?

அடுத்த மாத மூட்டையில் தலையணை உறைகள். அதில் நான்கைந்து உறைகளில் அதே எதிர்ச்சாய்வு, அதே மூன்று குத்து. ஒன்றை எடுத்து விரித்தேன். உறையின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாகத் தையல் போட்டிருந்தது. கிழிசல் ஏதும் இல்லை. முழுத் துணி. கிழியாத இடத்தில் யாரோ பொறுமையாக, நெருக்கமாக, வட்டத்துக்குள் வட்டமாகத் தைத்திருந்தார்கள். திருப்பிப் பார்த்தேன். பின்பக்கமும் முன்பக்கம் போலவே அவ்வளவு சுத்தம்.

"கிழியாததை எதுக்குக்கா தைக்கணும்?"

அவள் அந்த உறையை மடித்துக் கவுண்டருக்கு அடியில் இருந்த அங்கியின் மேல் வைத்தாள். அன்று மத்தியானம் கரண்ட் போனது. ஒன்பது மெஷினும் ஒரே நேரத்தில் நின்றால் காதுக்குள் ஒரு பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தில் மூட்டையக்கா தனக்குத்தானே சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

"இது அவ கை."

கத்தரிதான் மெதுவாகச் சொன்னாள்: "பழைய துணியா இருக்கும். மில்லுக்குப் போறதுக்கு முந்தி தெச்சதா இருக்கும்."

"ஆஸ்பத்திரித் துணியை அவ எப்ப தெச்சா?"

கத்தரி உறையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

மூன்றாவது மூட்டையை நாங்கள் எல்லோரும் சுற்றி நின்று பார்க்கத்தான் அவள் பிரித்தாள். பாதி பிரிக்கும்வரை ஒன்றுமில்லை. எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அப்புறம் ஒரு பாவாடை வந்தது. முட்டி இருக்கிற இடத்தில் நீலத் துணியில் ஒட்டுப் போட்டிருந்தது. எதிர்ப்பக்கம் சாய்ந்த தையல். மூட்டையக்கா ஒட்டைத் திருப்பி உள்பக்கம் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஒட்டுத் துணியின் மூலையில் சிவப்பு நூலில் மூன்று பெருக்கல் குறி.

எங்கள் பையிலிருந்து வெட்டிய துணி அது. கூடம் ஆரம்பிப்பதற்கு இரண்டு வருஷம் முன்பே புதைத்த பெண், எங்கள் பையை வெட்டி, தன் கையால் பாவாடைக்கு ஒட்டுப் போட்டிருந்தாள்.

ஒருத்தி ஓடிப்போய் முகம் கழுவினாள். இன்னொருத்தி "அதை எரிச்சிடுங்கக்கா" என்றாள். மூட்டையக்கா பாவாடையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தாள். "செத்தவங்களுக்குத் துணி கிழியாது" என்றாள். "கிழிஞ்சிருக்கு. அப்ப அவ எங்கேயோ நடமாடுறா."

பழைய துணி வியாபாரியைக் கேட்டோம். டவுனுக்கு அப்பால், பெரிய மதில் போட்ட ஒரு காப்பகம், மனசு சரியில்லாதவர்களும் யாரும் இல்லாதவர்களும் இருக்கிற இடம் என்றான். இரண்டு பஸ் மாற வேண்டும். மறுநாளே புறப்பட்டாள். துணைக்கு நான்.

வாசலில் அவள் வீட்டுக்காரர் நின்றார். "எங்க போற? யாரோட? எப்ப வருவ?"

"வந்து சொல்றேன்" என்றாள். பஸ் ஸ்டாப்பில் திரும்பிப் பார்த்தேன். அவர் அங்கேயே, கேள்வி தீர்ந்துபோனவர் மாதிரி நின்றிருந்தார்.

காப்பகத்தில் பொறுப்பாளர் அம்மாள் நோட்டைப் புரட்டினாள். மூட்டையக்கா தங்கையின் பேரைச் சொன்னாள். "அந்தப் பேர்ல யாரும் இல்லம்மா." மில் பேரைச் சொன்னாள். அம்மாள் விரல் நின்றது. "அந்த மில்லுல இருந்து தீக்காயத்தோட வந்தவ ஒருத்தி இருக்கா. ஆனா நீங்க சொல்ற பேர் இல்ல. வாங்க, பாத்துட்டுப் போங்க."

நீளமான நடை. இரண்டு பக்கமும் பாதி திறந்த கதவுகள். வெள்ளைச் சுவரில் ஆள் உயரத்துக்கு எண்ணெய்க் கறை, பல வருஷமாகத் தலைகள் சாய்ந்த இடம். எங்கள் செருப்புச் சத்தம் எங்களுக்குப் பின்னால் யாரோ வருவது போலக் கேட்டது. கடைசி அறையில் எட்டுப் பெண்கள் தரையில் உட்கார்ந்து துணி தைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சத்தம் இல்லை. துணிக்குள் ஊசி இறங்குகிற சத்தம் கேட்கும் என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். முகத்தின் வலப்பாதி மெழுகு உருகி ஆறினது போல இருந்தது. வலக்கை விரல்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டியிருந்தன. இடக்கையில் ஊசி.

மூட்டையக்கா அவள் எதிரே போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் இல்லை, எதிரே. பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அவள் நிமிரவில்லை. மறுபடி கூப்பிட்டாள். அவள் கை மட்டும் நீண்டு, மூட்டையக்காவின் சட்டைக் கைநுனியைப் பிடித்தது. தன் கைநுனியோடு அதைச் சேர்த்து வைத்துக்கொண்டு தைக்க ஆரம்பித்தாள். ஒரே இடத்தில் மூன்று குத்து. அப்புறம் சீராக, சாய்வாக. இரண்டு சட்டைகளும் ஒன்றாகிக்கொண்டிருந்தன. மூட்டையக்கா கையை இழுக்கவில்லை. கண்ணீர் தாடையிலிருந்து சொட்டியது, அதைத் துடைக்கவும் இன்னொரு கையைத் தூக்கவில்லை.

"யார் துணி கிடைச்சாலும் இப்படித்தான். பயந்துக்காதீங்க" என்றாள் பொறுப்பாளர் அம்மாள். "தொண்டையில ஒரு குறையும் இல்லன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஆனா பேசுறது இல்ல. இவங்க அம்மா வந்தாதான் கொஞ்சம் முகம் திரும்பும்."

"யார் வந்தா?"

"இவங்க அம்மா. மாசாமாசம் முதல் வியாழக்கிழமை தவறாம வராங்களே. நாலு வருஷமா."

மூட்டையக்கா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. அவர்களுடைய அம்மா செத்துப் பதினேழு வருஷம் ஆகியிருந்தது.

அந்த வியாழனுக்கு ஒன்பது நாள் இருந்தது. ஒன்பது நாளும் மூட்டையக்கா கூடத்துக்கு வந்தாள், மூட்டை பிரித்தாள். தைத்துச் சேர்த்த இடத்தில் பொறுப்பாளர் அம்மாள் வெட்டிவிட்டிருந்த நூல் அவள் கைநுனியில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சட்டையை அவள் துவைக்கவில்லை. மாதம் ஒருமுறை வந்து போகிற அந்த அம்மா யார் என்று ஆளாளுக்கு ஒரு கதை கட்டினோம். ஒன்றைக்கூடச் சத்தமாகச் சொல்ல எங்களுக்குத் தைரியம் இல்லை.

வியாழக்கிழமை நாங்கள் காப்பகத்தில் காத்திருந்தோம், பத்து மணிக்கு அந்த அம்மா வந்தாள். ஐம்பது வயதிருக்கும். குள்ளமாக, வெயிலில் காய்ந்த உடம்பு, செங்கல் சூளையில் வேலை செய்கிறவள். ஒரு கையில் சீப்பும் எண்ணெய்க் குப்பியும். இன்னொரு கையில் எங்கள் பை. சந்தையில் வாங்கியிருக்கிறாள். ஒரு மூலை சதுரமாக வெட்டப்பட்டு, அந்த இடத்தில் வேறு துணி வைத்துத் தைத்திருந்தது.

எங்களைப் பார்த்ததும் நின்றாள். மூட்டையக்கா முகத்தையும் சுவரோரம் உட்கார்ந்திருந்தவளின் காயம் படாத பாதி முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். நாங்கள் ஒன்றும் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"வந்துட்டீங்களா" என்றாள்.

"அம்மா, இது என் தங்கச்சி" என்றாள் மூட்டையக்கா.

"தெரியும்மா."

"எப்ப தெரியும்?"

"முதல் நாளே. கட்டுப் பிரிச்சு என்னைக் கூப்பிட்டுக் காட்டினாங்க. உன் பொண்ணு பொழச்சிட்டா, கழுத்துத் தகடு நம்பர் சரியா இருக்குன்னாங்க. தண்ணி டம்ளரை நீட்டினேன், இடக்கையில வாங்குச்சு. வலக்கை வெந்துபோச்சு, அதான்னாங்க. நானும் அப்படித்தான்னு சொல்லிக்கிட்டேன். ஆனா ஒரு கை போனா இன்னொரு கை பழக நாளாகும்ல? சிந்தும், நடுங்கும். இது ஒரு சொட்டு சிந்தல."

"அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா. நாங்க புதைச்சிட்டு உக்காந்திருக்கோமே." என்றாள் மூட்டையக்கா.

அந்த அம்மாள் பையின் காதை முறுக்கிக்கொண்டே இருந்தாள். "இது என் பொண்ணு இல்லன்னு நான் சொன்னா, அப்ப என் பொண்ணு எங்கேன்னு கேப்பாங்க இல்ல? அதுக்கு ஒரே பதில்தான் இருக்கு. அதை என் வாயால சொல்ல வேணாம்னு இருந்துட்டேன். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக மனசு துணியல, இங்கயே விட்டுட்டேன். மாசம் ஒரு தடவை வந்து யாரோ ஒரு பொண்ணுக்குத் தலை வாரிட்டுப் போனா, என் பொண்ணு உயிரோட இருக்கா. தப்புத்தான். பெரிய தப்பு. வீட்டுல ஒருத்திய வெச்சுக்கிட்டு அழுதுட்டு இருப்பாங்களேன்னு தெனம் நெனப்பேன். நெனச்சிட்டு மறுபடி வியாழக்கிழமை பஸ் ஏறிடுவேன்."

மூட்டையக்கா எழுந்து அவளை அடித்துவிடுவாளோ என்று எனக்குப் பயம். எழுந்தாள். பெஞ்சில் கிடந்த சீப்பை எடுத்து அந்த அம்மாள் கையில் கொடுத்தாள். "வாரி விடுங்க. உங்களுக்காகத்தான் உக்காந்திருக்கா."

அழைத்துப் போவது அவ்வளவு லேசாக இல்லை. காப்பகத்து நோட்டில் இருப்பது வேறு பேர். பெற்றவள் கையெழுத்துப் போட்டால் அன்றைக்கே அனுப்புவார்கள். உண்மையைச் சொன்னால் போலீஸ், விசாரணை, எத்தனை மாதம் என்று யாருக்கும் தெரியாது. கத்தரி போனில் "உண்மையை எழுதிக் குடுங்க, மில்காரனை விடக் கூடாது" என்று கத்தினாள். மூட்டையக்கா அந்த அம்மாளைப் பார்த்தாள்.

"என் பொண்ணைக் கூட்டிட்டுப் போறேன்னு கையெழுத்துப் போடுறேன்" என்றாள் அந்த அம்மாள். "செத்துட்டான்னு இன்னைக்கே எழுதச் சொல்லாத தாயி. கொஞ்ச நாள் குடு."

மூட்டையக்கா சரி என்றாள். அப்படியாக, செத்த பெண்ணின் பேரில் உயிரோடு இருக்கிறவள் வெளியே வந்தாள். பஸ்ஸில் ஜன்னலோரம் அவளை உட்கார வைத்தோம். வழி முழுக்க முன்சீட்டு உறையின் கிழிசலை விரலால் தடவிக்கொண்டே வந்தாள்.

வீட்டில் அப்பா வாசலில் நின்றார். மகளின் முகத்தை வெகு நேரம் பார்த்தார். "வாம்மா" என்றார். விருந்தாளியிடம் சொல்வது போல. சாப்பிட்டாயா என்று கேட்டார். மறுநாள் காலை வழக்கம் போலக் குடத்தை எடுத்துக்கொண்டு இடுகாட்டுக்குப் போனார்.

"அப்பா, அவ இங்க இருக்கா. அங்க யாருக்குத் தண்ணி ஊத்துறீங்க?"

"அங்க ஒருத்தி இருக்காளே" என்றார்.

சின்னவளைக் கூடத்துக்கே கூட்டிவந்தோம். அவள் வந்த பிறகு அந்தத் தபால் ஆபீஸ் கொஞ்ச நாள் வேறு மாதிரி இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். ஒரு நாள் எவளோ வாய் தவறி மற்ற பேரைச் சொன்னாள். சட்டென்று திரும்பினாள். மூட்டையக்கா முகம் வெளுத்தது. பார்க்காத நேரத்தில் எங்கள் துணிகளைத் தைத்துவிடுவாள். எழுந்தால் என் பாவாடை பக்கத்து மெஷின்காரியின் பாவாடையோடு சேர்ந்திருக்கும். ஒரு மத்தியானம் மூன்று பேரை வரிசையாகச் சேர்த்துத் தைத்துவிட்டாள், நாங்கள் டீ குடிக்க எழுந்தபோதுதான் தெரிந்தது. கத்தரி மட்டும்தான் சிரித்தாள். "இதைத்தான்டி நான் ரெண்டு வருஷமா சொல்றேன், ஒத்துமையா இருங்கன்னு!" அதன் பிறகு எல்லோரும் சிரித்தோம். ஆனாலும் உட்காரும்போது துணியை ஒதுக்கி வைத்துக்கொண்டோம்.

அடுத்த மாத முதல் வியாழக்கிழமை வந்தது. செங்கல் சூளை அம்மாள் எங்கள் ஊர் பஸ்ஸில் வந்து இறங்கினாள். கூடத்துக்கு வரவில்லை. "அந்த இடத்தைக் காட்டுறியா?" என்று மூட்டையக்காவிடம் கேட்டாள். நானும் போனேன்.

வேலியோரம் அப்பா செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். யார் வந்திருக்கிறார்கள் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. குடத்தைக் கீழே வைத்தார், தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார்.

"வாங்கம்மா" என்றார். "நான் தெனம் வந்துடுவேன். ஒரு நாளும் தனியா விடல. பத்திரமா இருக்கா."

அந்த அம்மாள் அதுவரை அழுது நான் பார்த்ததில்லை. மண்ணில் குப்புற விழுந்தாள். கல்லில் வேறு ஒரு பெண்ணின் பேர் இருந்தது. அந்தப் பேர் மேலேயே கன்னத்தை வைத்து அழுதாள். அப்பா நகரவில்லை. வெயில் அவள் மேல் படாமல் தள்ளி நின்று தன் நிழலை விழவிட்டார்.

அதற்கு எட்டு மாதம் கழித்துத்தான் சின்னவள் பேசினாள். அதுவும் ஒரு வியாழக்கிழமை. அந்த அம்மாள் பின்னால் உட்கார்ந்து சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. நான் ஓவர்லாக்கின் மிதியிலிருந்து காலை எடுத்த நேரம் அந்தக் குரல் கேட்டது. துருப்பிடித்த கதவு திறப்பது போன்ற குரல்.

"தகடை மாத்திக்கிட்டோம். ஒரு நாளைக்குத்தான்."

ஒவ்வொரு மெஷினாக நின்றது.

"அவளுக்குப் பஞ்சுத் தூசி ஒத்துக்கல. ஒரே இருமல். அவ எடத்துல தூசி சாஸ்தி. நீ என் எடத்துக்குப் போ, நான் உன் எடத்துல நிக்குறேன்னு சொன்னேன். நம்பர் பாத்துத்தான் விடுவாங்க, அதனால தகடை மாத்திக்கிட்டோம். என் எடத்துலதான் தீப்பிடிச்சுது. உள்ள போய் இழுத்தேன். வரல. அவ கை வரல."

சின்னவள் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த அம்மாளின் கையில் சீப்பு நின்றிருந்தது. மூட்டையக்கா மூட்டைக்குப் பக்கத்தில் கத்தியோடு அப்படியே நின்றாள். பிறகு அந்த அம்மாள் கேட்டாள்:

"அன்னைக்கு இருமல் குறைஞ்சிருந்துச்சா அவளுக்கு?"

"குறைஞ்சிருந்துச்சு. காலையில பாட்டுக்கூடப் பாடினா."

"சரி" என்றாள் அந்த அம்மாள். சீப்பு மறுபடி தலைமுடியில் இறங்கியது.

அதற்கு அடுத்த வாரம் அந்த அம்மாளே கத்தரியிடம் வந்து, எழுத வேண்டியதை எழுதச் சொன்னாள். கத்தரி எழுதினாள். பெட்டியைத் தோண்டிச் சோதித்தார்கள். காப்பகத்து நோட்டிலும் சாவுப் பதிவு நோட்டிலும் பேர் திருத்தினார்கள். கல்லிலும் பழைய பேரைச் செதுக்கி எடுத்துவிட்டுச் சரியான பேரை வெட்டினார்கள், செதுக்கிய இடத்தில் ஒரு குழி விழுந்துவிட்டது. மில் மேல் வழக்கு இன்னும் நடக்கிறது. அந்த மேலாளர் வேறு எங்கோ போய்விட்டார். மூட்டையக்கா ஒவ்வொரு வாய்தாவுக்கும் போகிறாள். அப்பா எப்போதும் போல இரண்டு வேலையும் செய்கிறார், காலையில் தண்ணீர், சாயந்திரம் மகளுக்குத் துணையாக வீடுவரை நடை. அவளை இப்போது கொஞ்சம் திட்டக்கூடச் செய்கிறார். அதைக் கேட்டு மூட்டையக்கா சந்தோஷப்பட்டாள்.

சின்னவள் இப்போது ஒட்டுப் போர்வைகளின் ஓரம் தைக்கிறாள். கைத்தையல் போர்வை என்று டவுனில் தேடி வாங்குகிறார்கள். பேச்சு இன்னும் குறைவுதான். சில நாள் பேசிக்கொண்டே இருந்துவிட்டு, யாரோ கூப்பிட்டது போல ஜன்னல் பக்கம் திரும்புவாள். நாங்களும் திரும்பிப் பார்ப்போம். அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

மூட்டையக்கா காப்பகத்தை விடவில்லை. துணி எடுக்கப் போகிற சாக்கில் அந்தக் கடைசி அறைக்குப் போய் ஒவ்வொருத்தி எதிரேயும் உட்கார்ந்துவிட்டு வருகிறாள். அங்கே இருக்கிறவர்கள் கூடத்தில் வேலைக்கு வரலாமா என்று பொறுப்பாளர் அம்மாளிடம் ஒரு வருஷம் மல்லுக்கட்டி அனுமதி வாங்கினாள். போன மாதம் இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்திக்கு வீடு, ஊர் எல்லாம் ஞாபகம் இருக்கிறது, போகத்தான் மனசில்லை. மற்றவள் எங்கிருந்து வந்தாள் என்று யாருக்கும் தெரியாது. ரயிலடியில் கண்டெடுத்தார்களாம்.

முதல் நாள் காலை கத்தரி வருகை நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு ரயிலடியில் கிடைத்தவளிடம், "உன்னை என்னன்னு கூப்பிடணும்?" என்று கேட்டாள்.

அவள் ஒரு பேரைச் சொன்னாள். கொண்டுவந்த காகிதத்தில் இருந்தது அந்தப் பேர் இல்லை. கத்தரி காகிதத்தைப் பார்த்தாள், மூட்டையக்காவைப் பார்த்தாள்.

"அவ சொன்னதையே எழுது" என்றாள் மூட்டையக்கா.

எழுதினாள். வாசலோரத்து மெஷின் காலியாக இருந்தது. அதில் அவளை உட்கார வைத்து, நூல் கோக்கச் சொல்லிக்கொடுக்க நான் எழுந்து போனேன்.